சுவர் ஒன்றா, இரண்டா?

அமெரிக்க நாவலாசிரியர் நதேனியல் ஹாதார்ன் 1851-ல் வெளியிட்ட ஒரு நாவலின் பெயரைத் தமிழில் சொல்லப் புகுந்தால், முதல் அடியிலேயே தடுக்கிக்கொள்வோம். ஏழு 'கேபிள்' உள்ள வீடு என்பது அதன் பெயர். கேபிளுக்கு என்ன சொல்வது? முகடு என்றால் அது கூரையின் உச்சி. கோபுரம் என்றால் வீடு கோயிலாகிவிடும். கேபிள் என்றே விட்டுவிட்டாலோ, இந்தக் காலத்து வாசகர்கள் தொலைக்காட்சிக் கம்பியை நினைத்துக்கொண்டு, ஒரே வீட்டுக்கு ஏழு இணைப்பா என்று மலைத்துப் போவார்கள்.

சொல்தான் இல்லையே தவிர, பொருள் நமக்குப் புதிதல்ல. இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் ஓட்டுக் கூரை வீட்டைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். நான்கு சுவர்களும் ஒரே உயரத்துக்கு எழும்பி நின்றுவிட்டன. கூரையோ நடுவில் உயர்ந்து இரு பக்கமும் தாழ்கிறது. ஆகவே வீட்டின் இரண்டு கோடியிலும், சுவரின் தலைக்கும் கூரையின் சரிவுக்கும் நடுவில், ஒரு முக்கோணம் திறந்து கிடக்கும். அதை அடைக்காவிட்டால் மழையும் காற்றும் பூனையும் தாராளமாக உள்ளே வரலாம். அந்த அடைப்புதான் கேபிள். கொத்தனார்களில் சிலர் அதைக் கோம்பைச் சுவர் என்பார்கள். நாம் முக்கோணச் சுவர் என்றே வைத்துக்கொள்வோம்.

இந்த முக்கோணத்தைப் பற்றி ஒரு பழைய வழக்கு உண்டு. அது கீழே உள்ள சுவரின் தொடர்ச்சியா? அல்லது சுவர் முடிந்த பிறகு அதன் தலையில் ஏற்றி வைத்த வேறொரு பொருளா? கேட்பதற்கு வேலையற்றவர்களின் தர்க்கம் போல இருக்கும். ஆனால் இன்று கம்ப்யூட்டரில் வீட்டுக்குப் படம் போடுகிற எந்த இளைஞரையும் கேட்டுப் பாருங்கள். ஒன்பது அடி உயரத்துக்குச் சுவர் போடுகிறார். கூரையைத் தூக்கி வைக்கிறார். திரையில் வீடு அழகாக எழுந்து நிற்கிறது. சுற்றித் திருப்பினால் கோடியில் முக்கோணமாக ஆகாயம் தெரிகிறது! அதை எப்படி அடைப்பது, கீழ்ச் சுவருக்குப் போட்ட அதே பலகையை மேலே கொண்டு போவதா, அங்கே வேறு பலகை போடுவதா, போட்டால் இரண்டும் சேருமிடத்தில் என்ன செய்வது என்று அரை நாள் போய்விடுகிறது. அவர் மல்லுக்கட்டுவது கம்ப்யூட்டரோடு மட்டும் அல்ல. முந்நூற்றைம்பது வருஷத்துத் தச்சர்களின் வழக்கோடு. அந்த வழக்கு மிகவும் விஸ்தாரமாக நடந்த இடம் மரவீடுகளின் தேசமான அமெரிக்கா. ஹாதார்னின் வீட்டிலிருந்தே தொடங்கலாம்.

அந்த வீடு இருக்கும் ஊரின் பெயர் சேலம். மாம்பழச் சேலம் அல்ல. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கடற்கரைச் சேலம். ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்துத்தான் என்பதைத் தவிர வேறு உறவு கிடையாது. 1692-ல் சூனியக்காரிகள் என்று சொல்லி அப்பாவிகளைத் தூக்கிலிட்ட ஊர் அது. அந்த விசாரணையில் நீதிபதியாக உட்கார்ந்தவர்களில் ஒருவர் ஹாதார்னின் முப்பாட்டனார் வழியில் வந்த முன்னோர். அந்தப் பாவத்தின் நிழல் பரம்பரை பரம்பரையாக ஒரு வீட்டின்மேல் விழுகிறது என்பதுதான் நாவலின் கரு.

கதை கற்பனை, வீடு நிஜம். ஜான் டர்னர் என்ற கப்பல் வியாபாரி 1668-ல் அதைத் துறைமுகத்தை ஒட்டிக் கட்டினார். செல்வம் பெருகப் பெருக வீடும் பெருத்தது. ஒவ்வொரு புதுப் பகுதிக்கும் ஒரு கூரை. ஒவ்வொரு கூரைக்கும் ஒரு முக்கோணம். அந்நாளில் நியூ இங்கிலாந்துப் பகுதியில் வசதியுள்ளவன் வீடு என்றால் கூரையில் நாலைந்து முக்கோணங்கள் முன்னால் முகம் காட்ட வேண்டும். பரணுக்கு வெளிச்சம் கிடைக்கும்; ஆள் நிமிர்ந்து நிற்க இடம் கிடைக்கும்; தெருவில் போகிறவனுக்கு வீட்டுக்காரனின் அந்தஸ்தும் தெரியும்.

ஆனால் இரண்டு கூரைகள் சந்திக்கிற இடத்தில் ஒரு பள்ளம் விழுகிறதே, அங்கே பனி தங்கும். பனி உருகினால் வீடு ஒழுகும். அடுத்த நூற்றாண்டில் மோஸ்தரும் மாறிற்று. நேர்வரிசையாக ஜன்னல் வைத்த, சாதுவான கூரை போட்ட வீடுதான் நாகரிகம் என்றாயிற்று. பழைய வீட்டுக்காரர்கள் பலர் முக்கோணங்களை அறுத்தெறிந்து கூரையைச் சமன்படுத்திக்கொண்டார்கள். டர்னர் குடும்பம் மூன்றாம் தலைமுறையில் நொடித்துப்போய், 1782-ல் வீடு இங்கர்சால் என்ற கப்பல் தலைவரின் கைக்கு வந்தது. ஹாதார்ன் அங்கே விருந்தாளியாகப் போய்வந்த காலத்தில், அவருக்குத் தூரத்துச் சகோதரி முறையான சூசன்னா இங்கர்சால் அந்த வீட்டில் இருந்தாள். அப்போது வீட்டில் மிஞ்சியிருந்தவை மூன்றே முக்கோணங்கள்.

மூன்றைப் பார்த்தவருக்கு ஏழு எப்படித் தெரிந்தது? அந்த அம்மாள் அவரைப் பரணுக்கு அழைத்துப் போய், பழைய உத்திரங்களில் வெறுமனே வாய் பிளந்துகொண்டிருந்த துளைகளைக் காட்டினாள் என்று சொல்வார்கள். ஒரு மரத்தில் துளை இருந்தால், அதில் இன்னொரு மரத்தின் கழுந்து ஒரு காலத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். துளைகளை எண்ணினால், போன முக்கோணங்களை எண்ணிவிடலாம். இந்தக் கதை எவ்வளவு தூரம் மெய்யோ, தச்சு வேலை தெரிந்தவனுக்கு அது நம்பக்கூடிய கதைதான். ஹாதார்ன் மட்டும் தம் முன்னுரையில், இது எந்தத் தெருவிலும் இல்லாத கற்பனை வீடு என்று சொல்லி நழுவிக்கொண்டார். நாவலாசிரியர்கள் வழக்கமாகச் செய்கிற காரியம். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

பிறகு நடந்ததுதான் விநோதம். காரொலின் எமர்ட்டன் என்ற செல்வப் பெண்மணி 1908-ல் அந்த வீட்டை வாங்கினார். வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறிய ஏழைக் குடும்பங்களுக்குக் கல்வியும் கைத்தொழிலும் கற்றுக்கொடுக்க ஒரு ஸ்தாபனம் நடத்துவது அவர் நோக்கம். பணம் வேண்டுமே? நாவலில் படித்த வீட்டைப் பார்க்க ஜனங்கள் காசு கொடுத்து வருவார்கள் என்று கணக்குப் போட்டார். ஜோசப் சாண்ட்லர் என்ற கட்டடக் கலைஞர், பழைய மரங்களில் இருந்த தடயங்களைத் துருவிப் பார்த்து, காணாமல்போன முக்கோணங்களை மறுபடி எழுப்பினார். அதோடு நிறுத்தவில்லை. நாவலில் வரும் முதிர்கன்னி வறுமையால் ஒரு சில்லறைக் கடை வைக்கிறாள் அல்லவா? நிஜ வீட்டில் அப்படி ஒரு கடை கிடையாது. அதையும் வைத்தார்கள். புகைபோக்கியை ஒட்டி ஒரு ரகசியப் படிக்கட்டும் அந்தப் புதுப்பிப்பில் அமைந்தது. 1910-ல் வீடு பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. வீட்டைப் பார்த்து நாவல் எழுந்தது. நாவலைப் பார்த்து வீடு எழுந்தது. எழுதுகிற ஜாதியில் பிறந்தவனுக்கு இதைவிடப் பெரிய கௌரவம் வேறென்ன வேண்டும்!

இனிச் சுவருக்கு வருவோம். இந்த வீடுகளின் எலும்பு மரம், தோலும் மரம். எலும்புக்கூட்டின்மேல் படுக்கைவசமாகப் பலகைகளை அடுக்கி மூடுவார்கள். இப்போது அந்தப் போர்வைக்கு 'சைடிங்' என்று பொதுப்பெயர். பழைய அமெரிக்கப் பெயர் 'கிளாப்போர்டு'. ஓக் மரத்தின் அடிக்கட்டையை, கேக்கைத் துண்டு போடுவதுபோல நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் பிளப்பார்கள். ரம்பம் வேண்டாம்; இரும்பு அலகும் கொட்டாப்புளியும் போதும். அப்படிப் பிளந்த பலகை ஓர் ஓரம் தடித்தும் மறு ஓரம் மெலிந்தும் இருக்கும். மெலிந்த ஓரம் மேலே, தடித்த ஓரம் கீழே வருமாறு, கீழ்ப் பலகையின் தலையை மேல் பலகையின் கால் கொஞ்சம் மூடும்படி ஆணி அடித்துக்கொண்டே போக வேண்டும். மழைநீர் படி இறங்குவதுபோல இறங்கி மண்ணுக்குப் போய்விடும். சாஸ்திரம் இவ்வளவுதான்: எப்போதும் மேலே உள்ளது கீழே உள்ளதன்மேல் படிய வேண்டும். இதை மாற்றிப் போட்டால் நீர் சுவருக்குள் போகும். ஓக்காக இருந்தாலும் உளுத்துவிடும்.

இந்தப் பலகையின் பெருமையைச் சொல்ல ஒரு சம்பவம் போதும். பிளிமத் குடியேற்றக்காரர்கள் அமெரிக்காவில் காலூன்றி ஒரு வருஷந்தான் ஆகியிருந்தது. 1621 கடைசியில் 'பார்ச்சூன்' என்ற கப்பலில் அவர்கள் தாய்நாட்டுக்கு அனுப்பிய முதல் சரக்கு என்ன தெரியுமா? தங்கமும் இல்லை, புகையிலையும் இல்லை. கப்பல் கொள்ளுமட்டும் பிளந்த பலகை, கூடவே கொஞ்சம் நீர்நாய், பீவர் தோல்கள். இங்கிலாந்தில் பீப்பாய் செய்ய அந்தப் பலகை தேவைப்பட்டது. பாவம், வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துச் சரக்கைச் சுருட்டிக்கொண்டார்கள்.

நேரான சுவரில் பலகை அடிப்பது பெரிய வித்தை அல்ல. எல்லாப் பலகையும் ஒரே நீளம். இரண்டு முனையும் நேர்வெட்டு. முக்கோணத்துக்குள் ஏறும்போதுதான் தச்சனின் தலை வேலை செய்ய வேண்டும். ஒவ்வொரு பலகையும் கீழ்ப் பலகையைவிடக் குட்டை. இரண்டு முனையும் கூரைச் சரிவின் கோணத்துக்குச் சாய்வாக வெட்டப்பட வேண்டும். கோணம் மயிரிழை பிசகினாலும் கைமரத்தை ஒட்டி இடைவெளி பல்லிளிக்கும். கோணம் ஒரு முறை சரியாக அமைந்துவிட்டால் பிறகு எல்லாப் பலகைக்கும் அதுவே. ஒரு பலகைக்கும் அடுத்த பலகைக்கும் நீளம் குறைகிற அளவும் மாறாது. ஆகவே அளந்தது இரண்டு பலகைதான். மீதியை மூலைமட்டத்தாலும் மனக்கணக்காலும் வெட்டித் தள்ளுவார்கள்.

இதற்கும் மேலே ஒரு நுட்பம். வீட்டைச் சுற்றி எல்லாச் சுவரிலும் பலகை வரிகள் ஒரே மட்டத்தில் ஓட வேண்டும். மூலையில் திரும்பும்போது ஒரு வரி ஏறியும் ஒரு வரி இறங்கியும் இருந்தால், நடைவழியில் போகிற குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். அதற்காகத் தச்சர்கள் ஒரு நீண்ட குச்சியில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கீறல் போட்டு, அந்தக் குச்சியையே சுவர் சுவராகத் தூக்கிக்கொண்டு போவார்கள். ஜன்னலின் அடிமட்டம் எங்கே, தலைமட்டம் எங்கே, இறவாரம் எங்கே, முக்கோணம் எங்கே தொடங்குகிறது எல்லாம் அந்தக் குச்சியில் இருக்கும். வீட்டின் ஜாதகம் என்று சொல்லலாம். வீடு முடிந்ததும் குச்சி அடுப்புக்குப் போகும்.

சரி, வழக்குக்கு வருவோம். சேலத்துக்கு அருகில் டாப்ஸ்ஃபீல்டு என்ற ஊரில் 1683-ல் ஒரு பாதிரியாருக்குக் கட்டிய வீடு இன்றும் நிற்கிறது. கேப்பன் பாதிரியார் வீடு என்று பெயர். அதன் பக்கவாட்டில் நின்று பார்த்தால் முக்கோணம் கீழ்ச் சுவரைவிடச் சிறிது முன்னே துருத்திக்கொண்டு நிற்கும். அதன் அடியில் ஒரு கனத்த உத்திரம் ஓடுகிறது. அந்த உத்திரத்தில் துளையிட்டு, கழுந்து இறக்கி, மர ஆணி அடித்து இறுக்கி, அதன்மேல் முக்கோணத்தை நிறுத்தியிருக்கிறார்கள். ஆக, பதினேழாம் நூற்றாண்டுத் தச்சனின் தீர்ப்பு: சுவர் இரண்டு. ஆனால் இரண்டையும் யானை இழுத்தாலும் பிரியாதபடி அவன் கட்டினான். இரண்டு என்பதை வெளியே மறைக்கவும் இல்லை. துருத்திய விளிம்பிலிருந்து மழைநீர் சொட்டுச் சொட்டாகக் கீழ்ச் சுவரைத் தொடாமலே விழுந்தது.

1830-களில் சிகாகோ பக்கம் புதுமுறை ஒன்று தோன்றியது. ரம்ப ஆலைகளில் அறுத்த மெல்லிய கட்டைகள் மலிந்தன. இயந்திரத்தில் செய்த ஆணிகளும் மலிந்தன. துளை, கழுந்து என்று நாள் கணக்கில் செதுக்காமல், மெல்லிய கட்டைகளை நெருக்கமாக நிறுத்தி ஆணி அடித்து வீட்டை எழுப்பிவிட்டார்கள். பழைய தச்சர்கள் சிரித்தார்கள். காற்றடித்தால் பலூன் போலப் பறந்துவிடும் என்று சொல்லி 'பலூன் சட்டம்' என்று பெயர் வைத்தார்கள் என்பது கர்ணபரம்பரைக் கதை. பறக்கவில்லை. அந்த முறையில் செங்குத்துக் கட்டைகள் அடித்தளத்திலிருந்து ஒரே ஓட்டமாக மேலே போகும். கோடிச் சுவரில் அவை இறவாரத்தின் மட்டத்தில் நிற்காமல், நேராக ஏறிக் கைமரத்தையே தொட்டுவிடும். இந்தத் தச்சனின் தீர்ப்பு: சுவர் ஒன்றே.

வேடிக்கை என்னவென்றால், எலும்பில் சுவர் ஒன்றான பிறகுதான் தோலில் அதை இரண்டாக்கும் ஆசை வந்தது. 1840-களில் ஆண்ட்ரூ ஜாக்சன் டௌனிங் என்பவர், பணக்காரர் அல்லாத குடும்பங்களும் பார்த்துக் கட்டிக்கொள்ளும்படி வீட்டு மாதிரிப் புத்தகங்கள் வெளியிட்டார். அவருக்குப் படுக்கைவசப் பலகை பிடிக்காது. உள்ளே மரங்கள் நிமிர்ந்து நிற்கும்போது வெளியே ஏன் படுத்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம். பலகையை நிமிர்த்தி வைத்து, இணைப்புகளின்மேல் ரீப்பர் அடிக்கச் சொன்னார். எனக்கு இந்த மனிதரைப் பிடிக்கிறது. சுவர் பொய் சொல்லக் கூடாது என்று கவலைப்படுகிறவர்கள் எல்லாக் காலத்திலும் குறைவு. அவர் 1852-ல், தம் முப்பத்தாறாம் வயதில், ஹட்ஸன் நதியில் தீப்பிடித்த நீராவிக் கப்பலில் மாண்டு போனார்.

1880-களில் வந்தவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. இயந்திரம் மர ஓடுகளை மீன் செதில் போலவும், வைரக் கட்டம் போலவும் ஆயிரக்கணக்கில் வெட்டித் தள்ளியது. கீழே பலகை, மேலே முக்கோணத்தில் செதில். நடுவே ஒரு பட்டை. பட்டைக்கு ஒரு வர்ணம், செதிலுக்கு இன்னொரு வர்ணம். உள்ளே கட்டை ஒரே ஓட்டமாகப் போனாலும், வெளியே பார்க்கிறவன் இரண்டு சுவர் என்றே சத்தியம் செய்வான். பார்க்க அழகுதான்; அதில் சந்தேகமில்லை. அந்த அழகு அமெரிக்கர்களின் மனத்தில் அப்படியே பதிந்துவிட்டது. இன்றும் அங்கே புது வீடு கட்டுகிறவர் முக்கோணத்தில் மட்டும் செதில் வேண்டும், அல்லது நிமிர்ந்த பலகை வேண்டும் என்று கேட்கிறார். பொருள் மரமாக இல்லாமல் பிளாஸ்டிக்காகவோ சிமெண்டுப் பலகையாகவோ இருக்கும், ஆசை பழையதுதான்.

இருபதாம் நூற்றாண்டில் எலும்பு மறுபடி மாறியது. பலூன் முறையில் இரண்டு குறைகள். நெடிய மரம் வேண்டும். வீட்டில் தீப்பிடித்தால் கட்டைகளுக்கு நடுவே உள்ள சந்து வழியாக அது புகைபோக்கியில் ஏறுவதுபோல மாடிக்கு ஏறிவிடும். ஆகவே ஒவ்வொரு மாடியையும் தனித்தனிப் பெட்டியாகக் கட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் முறை வழக்கமாயிற்று. 1950-களிலிருந்து கூரைச் சட்டங்களையே தொழிற்சாலையில் பல் உள்ள இரும்புத் தகடுகளால் இணைத்து, லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். கோடியில் நிற்கும் முக்கோணமும் அப்படி வருகிற ஒரு தட்டையான சட்டந்தான். சுவர் இறவார மட்டத்தில் முடிகிறது. அதன் தலையில் முக்கோணத்தை நிறுத்தி ஆணி அடிக்கிறார்கள். சுவர் மீண்டும் இரண்டு. ஆனால் கேப்பன் பாதிரியார் வீட்டில் இருந்த கனத்த உத்திரமும் கழுந்தும் இங்கே இல்லை.

இதனால் என்ன கெட்டுப் போயிற்று என்பது 1992 ஆகஸ்டு 24-ந் தேதி விடியற்காலையில் புளோரிடா மாநிலத்தின் தென்கோடிக்குத் தெரிந்தது. அன்று ஆண்ட்ரூ என்ற புயல் கரையேறியது. 25,000-க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை சேதமடைந்தன. அமெரிக்க அரசின் பேரிடர் நிர்வாகம் அனுப்பிய நிபுணர்கள் இடிபாடுகளுக்குள் நடந்து பார்த்து எழுதிய காரணங்களில், ஆணி சரியாக அடிக்காத கூரைப் பலகையோடு சேர்ந்து இந்த முக்கோணமும் இடம்பெற்றது.

நடந்தது இதுதான். அந்தப் பக்கத்து வீடுகளில் இறவாரம் வரை சிமெண்டுக் கல் சுவர். அதற்கு மேலே மரச்சட்ட முக்கோணம். காற்று கோடிச் சுவரின்மேல் நேராக மோதுகிறது. கல் சுவர் தாங்கிக்கொள்கிறது. முக்கோணத்தின் அடியோ வெறும் ஆணியில் நிற்கிறது. அதை உள்ளிருந்து முட்டுக்கொடுக்கக் குறுக்குக் கட்டைகள் போடவில்லை. இரண்டும் சேருமிடம் கதவின் கீல் போல ஆகிவிடுகிறது. முக்கோணம் உட்புறமாகச் சாய்கிறது, அல்லது உறிஞ்சும் காற்றில் வெளியே பிடுங்கிக்கொள்கிறது. அது விழுந்தால் அதை அடுத்து நிற்கும் கூரைச் சட்டம் அடுத்ததன்மேல் விழுகிறது. சீட்டுக்கட்டை நிறுத்தி வைத்துத் தட்டினாற்போல. காற்று உள்ளே புகுந்து கூரையை அடியிலிருந்து தூக்குகிறது. வெளியே பூசியிருந்த பூச்சும், அடித்திருந்த பலகையும், அந்தக் கீல் இருப்பதை ஒருவர் கண்ணுக்கும் காட்டவில்லை.

அதன்பின் தென்புளோரிடாவில் கட்டட விதிகள் இறுகின. 2002-ல் மாநிலம் முழுவதற்கும் ஒரே விதித்தொகுப்பு அமலுக்கு வந்தது. பழைய வீடுகளின் முக்கோணத்தை உள்ளிருந்து எப்படிப் பலப்படுத்துவது என்பதற்கே தனி முறைகள் வகுக்கப்பட்டன. பரணுக்குள் தவழ்ந்து போய், நிற்கும் கட்டைகளுக்குத் துணைக்கட்டை கொடுத்து, அங்கிருந்து உட்பக்கமாகப் பல கூரைச் சட்டங்களைத் தாண்டும்படி குறுக்குக் கட்டை ஓட்டி, இரும்புப் பட்டையால் கல் சுவரோடு கட்ட வேண்டும். கேப்பன் பாதிரியாரின் தச்சன் உத்திரத்தில் செய்ததை இப்போது இரும்புப் பட்டையில் செய்கிறார்கள்.

இந்த இடத்தில் கம்ப்யூட்டர் கதைக்குள் வருகிறது. 1963-ல் ஐவன் சதர்லாண்டு என்ற இளைஞர், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தம் ஆராய்ச்சிக்காக 'ஸ்கெட்ச்பேட்' என்ற ஏற்பாட்டைச் செய்துகாட்டினார். ஒளிப் பேனாவால் திரையில் கோடு போடலாம். அதைவிட முக்கியம், இந்தக் கோடு அந்தக் கோட்டுக்குச் செங்குத்து என்று ஒரு முறை சொல்லிவிட்டால், ஒன்றை நகர்த்தும்போது மற்றதும் ஒழுங்காகக் கூடவே வரும். மசிக்கோட்டுக்கு இந்த ஞாபகசக்தி கிடையாது. 1975-ல் சார்லஸ் ஈஸ்ட்மன் என்ற பேராசிரியர், வீட்டுக்கு வரைபடங்களே எதற்கு, வீட்டையே கம்ப்யூட்டருக்குள் ஒரு தடவை கட்டிவிட்டால் வேண்டிய படங்களை அதிலிருந்து உருவிக்கொள்ளலாமே என்று எழுதினார். 1982-ல் வந்த ஆட்டோகேட் இவ்வளவு தூரம் போகவில்லை. அது காகிதப் பலகையின் இடத்தில் திரையை வைத்தது. புடாபெஸ்டில் காபோர் போயார் என்பவர் அதே 1982-ல் தொடங்கிய கிராபிசாஃப்ட் கம்பெனி, முதலில் பாக்ஸ் அணுமின் நிலையத்துக் குழாய்களைக் கம்ப்யூட்டரில் உருவாக்கிக் கொடுத்துப் பிழைத்தது. 1984-ல் அவர்கள் ஆப்பிள் கம்ப்யூட்டருக்காகச் செய்ததுதான் ஆர்க்கிகேட். அதில் சுவர் என்பது இரண்டு கோடு அல்ல. உயரமும் கனமும் உள்ள சுவர். 2000-ல் ரெவிட் வந்தது. ஒரு பக்கம் மாற்றினால் எல்லாப் பக்கமும் தானே மாற வேண்டும் என்பதை அது தன் பெயரிலேயே வைத்துக்கொண்டது. இரண்டு வருஷத்தில் ஆட்டோகேட் முதலாளிகள் அதை 13 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொண்டார்கள்.

இந்த ஏற்பாடுகள் எல்லாவற்றுக்கும் சுவர் என்றால் பிறவியில் நாற்சதுரம். முக்கோணத்தை நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒரு வழி, சுவரின் தலையைப் பிடித்துக் கூரையோடு ஒட்டச் சொல்வது. சுவர் ரப்பர் போல நீண்டு, சரிவுக்குத் தக்கபடி தானே கூராகிக்கொள்ளும். இன்னொரு வழி, சுவரை ஒன்பது அடியில் நிறுத்திவிட்டு, அதன்மேல் முக்கோணமாக வேறொரு துண்டு செய்து வைப்பது. மூன்றாவது, சுவரை ஒன்றாகவே நீட்டிவிட்டு, வெளிமுகத்தை மட்டும் ஒரு கோட்டால் இரண்டாகப் பிரித்து, மேலே செதிலும் கீழே பலகையும் பூசிவிடுவது. முதல் வழியில் போனவர் சிகாகோத் தச்சர். இரண்டாவதில் போனவர் டாப்ஸ்ஃபீல்டுத் தச்சர், அல்லது புளோரிடாக்காரர். மூன்றாவதில் போனவர் 1880-களின் அலங்காரப் பிரியர். திரையில் பார்த்தால் மூன்றும் ஒரே வீடு!

பலகை வரிகளைப் பற்றிய தொல்லையும் பழையதே. பல ஏற்பாடுகளில் பலகை என்பது சுவரின்மேல் ஒட்டிய படந்தான். ஒவ்வொரு சுவரும் தன் அடியிலிருந்து வரியை எண்ணத் தொடங்கும். தனியே வைத்த முக்கோணம் தன் அடியிலிருந்து வேறாக எண்ணத் தொடங்கும். விளைவு, மூலையில் வரிகள் முட்டிக்கொள்கின்றன; இறவார மட்டத்தில் அரைப் பலகை ஒன்று அசிங்கமாக எட்டிப் பார்க்கிறது. படம் போடுகிறவர் அங்குலம் அங்குலமாக நகர்த்தி ஒப்பேற்ற வேண்டும். அடுப்புக்குப் போன அந்தக் குச்சியைத்தான் அவர் தேடிக்கொண்டிருக்கிறார். செதிலும் பலகையும் சேருமிடத்தில் திரை காட்டுவது மெல்லிய கோடு ஒன்றைத்தான். நிஜச் சுவரில் அங்கே ஒரு பட்டைக் கட்டை, அதன் தலையில் மடித்த தகடு, தகட்டின் மேல்விளிம்பு செதிலுக்குப் பின்னால், கீழ்விளிம்பு பட்டைக்கு முன்னால். இல்லாவிட்டால் நீர் உள்ளே போகும் என்பது 1621-லேயே தெரிந்த சாஸ்திரம்.

இதற்காக யந்திரத்தைத் திட்டுவது நியாயம் ஆகாது. மாதிரிப் புத்தகத்து அச்சுப்படத்திலும் அந்தக் கோடு கோடாகத்தான் இருந்தது. பார்க்கப்போனால் யந்திரத்தில் ஒரு வசதி கூடுதல். வீட்டை எந்த இடத்தில் வேண்டுமானாலும் கத்தியால் வெட்டினாற்போல வெட்டி உள்ளே பார்க்கலாம். பரணுக்கு ஏணி வைத்து ஏறி, துளைகளைத் தடவிப் பார்க்க வேண்டியதில்லை. கோடிச் சுவரின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு வெட்டுப் போட்டால், கட்டை இறவாரத்தைத் தாண்டிப் போகிறதா, அங்கே நின்றுவிடுகிறதா என்று தெரிந்துவிடும். நின்றுவிட்டால், குறுக்குக் கட்டை எத்தனை, எங்கிருந்து எங்கே என்று படம் போட்டவரைக் கேட்கலாம். அவர் படத்தில் அவை இல்லாமல் இருக்கலாம். வெளிமுகத்தைக் காட்ட அவை தேவைப்படுவதில்லை. பலகை அடிக்கத் தச்சர்கள் வருவதற்கு முன்னால் கேட்டுவிட வேண்டும். அடித்துவிட்டால் பிறகு பரணுக்குள் தவழ வேண்டியதுதான்.